தொடக்கூடாத விருந்தாளி

“சாட்சி! எல்லாரும் சாட்சி!”

துறைமுகப் பக்கமிருந்து வந்த கூச்சலில் நாவிதனின் கத்தி வழுக்கியது. நிகாகோரஸின் தாடியில் இடது பாதி அழகாக இருந்தது. வலது பாதி இல்லை.

“அசையாதீங்கன்னு சொன்னேன்ல?” என்றான் நாவிதன்.

“அசைஞ்சது நீ.” நிகாகோரஸ் துணியை உதறிவிட்டு எழுந்தார். “சிமியாஸ், என்னடா அங்க?”

சிமியாஸ் நான்தான். ஒரு காலத்தில் நகைச்சுவை நாடகங்களில் சேவலாகவும் குடிகாரனாகவும் ஆடிக்கொண்டிருந்தேன். முழங்கால் போன பிறகு, கலாந்தே நகர சபையின் விசாரணை அதிகாரி நிகாகோரஸுக்கு உதவியாள். அவர் யோசிப்பார், நான் பேசுவேன். இரண்டு பேரும் ஒரே வேலையைச் செய்தால் சண்டை வந்துவிடும்.

வாசலில் நின்று எட்டிப் பார்த்தேன்.

“கப்பல்காரர் லிகிஸ்கோஸ், அண்ணே. படகுல வந்து இறங்கின ஆளு ஒருத்தனை மணிக்கட்டைப் பிடிச்சு இழுத்துட்டு வர்றாரு. பின்னாடி கூட்டம் கல்லு பொறுக்கிட்டிருக்கு.”

“யாரை?”

“மிர்சோஸ்காரனாம்.”

நிகாகோரஸ் பாதித் தாடியோடு தெருவில் இறங்கி ஓடினார்.

அவர் ஏன் ஓடினார் என்று ஊருக்கே தெரியும். மிர்சோஸோடு எங்களுக்குச் சமாதானம் ஆகி ஒரு குளிர்காலம்தான் கழிந்திருந்தது. வாக்கு மீறமாட்டோம் என்பதற்குப் பிணையாக எங்கள் ஊர் இளைஞர்கள் சிலர் மிர்சோஸில் இருந்தார்கள். அதில் ஒருவன் தெய்சோன், நிகாகோரஸின் ஒரே மகன். இங்கே மிர்சோஸ்காரன் மேல் ஒரு கல் விழுந்தால், அங்கே தெய்சோனின் கழுத்துக்குக் கத்தி வரும்.

சந்தை மைதானத்தின் நடுவே, நகரத்தின் தீர்மானக் கல்லுக்கு முன்னால் லிகிஸ்கோஸ் நின்றிருந்தார். பருத்த உடம்பு, சிவந்த முகம். அவர் பிடியில் நாற்பதைத் தொடும் ஒரு மனிதன், நல்ல கம்பளி மேலாடையில், நிதானமாக.

“என் கப்பலைக் கொள்ளையடிச்சது மிர்சோஸ்காரங்க!” என்று லிகிஸ்கோஸ் முழங்கினார். “பதிலுக்கு இவனைப் பிடிச்சிருக்கேன். இது என் உரிமை!”

உரிமைதான். எங்கள் கடற்கரை முழுக்க அதுதான் வழக்கம். கொள்ளையடித்தவன் கிடைக்காவிட்டால் அவன் ஊர்க்காரன் எவன் கிடைத்தாலும் பிடிக்கலாம். சமாதானம்கூட அதைத் துடைத்துவிடவில்லை.

“கையை எடு,” என்றான் பிடிபட்டவன், சத்தம் போடாமல். “நான் கரோபினோஸ். திமெசியஸோட மகன். உன் தலைக்கு மேல இருக்கிற கல்லைப் படிச்சுப் பாரு.”

கூட்டம் சட்டென்று அடங்கியது.

திமெசியஸின் பெயர் தெரியாதவர்கள் எங்கள் ஊரில் கிடையாது. அவர் மிர்சோஸில் பிறந்து மிர்சோஸிலேயே வாழ்பவர். ஆனால் அங்கே போகும் கலாந்தே ஆட்களுக்கு அவர்தான் வீடு, அவர்தான் ஜாமீன், செத்தால் கொள்ளி வைப்பதும் அவர்தான். எங்கள் பிணைப் பிள்ளைகளும் அவர் வீட்டில்தான் சாப்பிட்டுத் தூங்குகிறார்கள். அதற்கு நன்றியாகத்தான் நகரம் இந்தக் கல்லை நட்டது. வரி கிடையாது. நிலம் வாங்கலாம். தெய்வக் காரியம் முடிந்ததும் சபையில் முதல் வழக்கு அவருடையது. நாடகத்தில் முன்வரிசை இருக்கை. போரிலும் சமாதானத்திலும், கடலிலும் கரையிலும், அவர் உடம்பையும் உடைமையையும் எவனும் தொடக்கூடாது. அவருக்கும், அவர் சந்ததிக்கும்.

சபைத் தலைவர் எவாந்த்ரோஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மிர்சோஸோடு சமாதானம் பேசி முடித்தவர் அவர்தான். அதற்காக அவரை வாழ்த்துபவர்களும் உண்டு, அவர் போகும்போது காறித் துப்புபவர்களும் உண்டு.

“நிகாகோரஸ், இவர் சொல்றது நிஜமான்னு பாருங்க. சீக்கிரம். பலிக்கு நேரமாச்சு, அப்புறம் நாடகம்.” அவர் கண் தாடியில் நின்றது. “இது என்ன, திருவிழா வேஷமா?”

“பாதி வேஷம்,” என்றேன் நான். “மீதிக்கு நாவிதன் இன்னும் கூலி கேக்கறான்.”

நகர மன்றத்தின் அணையா நெருப்புக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி. அதில் பாதியாக உடைத்த ஆட்டுக்கணு எலும்பு. கல் நட்ட அன்று அடையாளத்துக்காக உடைத்தது. மறு பாதி திமெசியஸின் கழுத்தில். குளிக்கும்போதுகூட அவர் அதைக் கழற்றுவதில்லை என்று போய்வந்தவர்கள் சொல்வார்கள்.

கரோபினோஸ் மடியிலிருந்து ஒரு பாதியை எடுத்து நீட்டினான். “அப்பாவுக்கு முடியல. அதான் என்னை அனுப்பினார்.”

இரண்டு பாதிகளையும் சேர்த்தேன். ஒரு மயிரிழை இடைவெளி இல்லை.

“எங்க பிள்ளைங்க எப்படி இருக்காங்க?” என்றார் நிகாகோரஸ். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள அவர் படாத பாடு பட்டார்.

“நல்லா இருக்காங்க. தெய்சோன் உயரமா வளர்ந்துட்டான். அத்திப்பழம்னா தட்டோட எடுத்துட்டுப் போயிடறான்.”

நிகாகோரஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்திப்பழப் பைத்தியம் என்பது சரிதான்.

முரசறைவோன் அறிவித்தான். இந்த மனிதர் கரோபினோஸ், திமெசியஸின் மகன், தொடக்கூடாத உடம்பு, கலாந்தேயின் விருந்தாளி. லிகிஸ்கோஸ் தலையைத் தொங்கப்போட்டு மன்னிப்புக் கேட்டார். கரோபினோஸ் பெருந்தன்மையாக மன்னித்தான். கூட்டம் கைதட்டியது. பொறுக்கிய கற்கள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன.

“முடிஞ்சுது அண்ணே. வாங்க, மீதித் தாடியையும் எடுத்துடலாம்.”

நிகாகோரஸ் நகரவில்லை. “அவன் பெட்டி எங்கடா?”

“எந்தப் பெட்டி?”

“படகுல வந்தவன் வெறுங்கையோடவா வருவான்?”

படகு இன்னும் துறையில் கிடந்தது. படகுக்காரன் கோர்கோஸ் வெங்காயத்தைக் கடித்தபடி ஒரு தேவதாருப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான்.

“இது அவரோடதா?” என்றார் நிகாகோரஸ்.

“ஆமா. யாரும் எடுக்கலை. அதான் காவல் காக்கறேன்.”

“லிகிஸ்கோஸ் இதைத் தொடவே இல்லையா?”

“படகுல காலே வைக்கல. துறையில காத்துக்கிட்டே இருந்தாரு. இந்த ஆளு இறங்கினதும் ‘சாட்சி’ன்னு கத்தி மணிக்கட்டைப் பிடிச்சாரு.”

“இறங்கினவன் மிர்சோஸ்காரன்னு அவருக்கு யார் சொன்னது? நீ சொன்னியா?”

கோர்கோஸ் வெங்காயத்தை நிறுத்தினான். “நானா? வாயைத் திறக்கறதுக்குள்ள பிடிச்சுட்டாரே! என் படகுல அஞ்சாறு பேரு வந்தாங்க. நேரா இவருகிட்டதான் வந்தாரு.”

நாங்கள் திரும்பி நடந்தோம்.

“சிமியாஸ், உன் ஆட்டை ஒருத்தன் திருடிட்டான். பதிலுக்கு அவன் ஊர்க்காரனைப் பிடிக்கற. முதல்ல எதை எடுப்ப?”

“அவன் மூட்டையை. ஆள் சோறு கேப்பான், மூட்டை கேக்காது.”

“பிடிச்ச ஆளை எங்க கொண்டுபோவ?”

“என் வீட்டுக்கு. கதவைத் தாழ் போட்டுட்டு.”

“லிகிஸ்கோஸ் எங்க கொண்டுபோனார்?”

எனக்கு உறைத்தது. நின்றுவிட்டேன். “நேரா கொண்டுபோய் அந்தக் கல்லுக்கு முன்னாடி நிறுத்தினாரு.”

“எதிரிக்கு அவனோட கேடயத்தை எடுத்து நீட்டற மாதிரி.” நிகாகோரஸ் மெல்லச் சொன்னார். “அவன் பாட்டுக்கு வந்து, நான்தான் திமெசியஸ் மகன்னு சொல்லியிருந்தா, பத்து பேர் சந்தேகப்பட்டிருப்பாங்க. ஊரே பார்க்கப் பிடிச்சு, ஊரே பார்க்க விட்டதால, இனிமே சந்தேகப்பட ஒருத்தனும் இல்ல. முரசறைஞ்சு நாமே முத்திரை குத்திக் கொடுத்துட்டோம்.”

“எலும்பு பொருந்திச்சே அண்ணே!”

“அதுதான் எனக்கும் புரியல.”

பலிபீடத்தில் புகை எழ ஆரம்பித்துவிட்டது. மதுத் தெய்வம் தியோனிசோஸின் பீடத்தைச் சுற்றி வெள்ளைக் கூழாங்கற்களால் ஒரு கோடு. எங்கள் ஊரில் பிறந்தவர்கள் அந்தக் கோட்டைத் தாண்டும்போது இடது செருப்பைக் கழற்றிவிடுவோம். நடை பழகும் வயதிலிருந்தே தாய் தொடையில் தட்டிப் பழக்கிவிடுவாள். வெளியூர்க்காரர்கள் இரண்டு செருப்போடும் கோட்டுக்கு வெளியே நிற்பார்கள். உள்ளூர்க்காரர் ஒருவர் வந்து கையைப் பிடித்து, செருப்போடேயே உள்ளே அழைத்துப் போவார்.

எவாந்த்ரோஸ் கைநீட்டி அழைக்க, கரோபினோஸ் கோட்டை நெருங்கினான். ஒரு கையில் திருவிழாக் கோல், நுனியில் கொடியிலைகள் சுற்றியது. எல்லார் கையிலும் அப்படி ஒன்று இருந்தது.

கோட்டருகே அவன் சட்டென்று குனிந்தான். அவன் விரல் இடது செருப்பின் வாரில் பட்டது. அடுத்த நொடி அதை இறுக்குவதுபோல இழுத்துவிட்டு நிமிர்ந்தான்.

“கால்ல மண்ணு போலிருக்கு,” என்றேன்.

நிகாகோரஸ் என் தோளைப் பிடித்திருந்தார். பிடி வலித்தது.

“மண்ணு இல்லடா. அம்மா. முகம் மறந்துபோகும், பேச்சு மாறிப்போகும். காலுக்கு எவனும் வேற ஊர் பாஷை கத்துத்தர முடியாது. அவன் இங்க பிறந்தவன்.”

“நம்ம ஊர்க்காரன் எதுக்கு வெளியூர்க்காரனா வேஷம் போடணும்?”

“சொந்தப் பேர்ல வந்தா தலை போகும்னா?”

நாடு கடத்தப்பட்டவர்கள்! எவாந்த்ரோஸின் கட்சி ஜெயித்த வருடம் எதிர்க்கட்சிக் குடும்பங்கள் சிலவற்றை ஊரைவிட்டே துரத்தினார்கள். திரும்பி வந்தால் மரணம். பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் தீர்ப்பு. அன்று மீசை முளைக்காதவன் இன்று நாற்பதை நெருங்கியிருப்பான்.

“வந்தவன் எதுக்கு வந்தான் அண்ணே? அம்மாவைப் பார்க்கவா?”

பலி முடிந்து கூட்டம் நாடக அரங்கை நோக்கி நகர்ந்தது. நிகாகோரஸின் பார்வை முன்வரிசையில் இருந்தது. நடுவில் எவாந்த்ரோஸின் கல்லிருக்கை. அதற்கு வலப்பக்கம், முழங்கை இடிக்கும் தூரத்தில், கௌரவ விருந்தாளியின் இருக்கை.

நான் அவர் காதோரம் குனிந்தேன். “அவனைத் தொடக்கூடாது. சோதனை போடக்கூடாது. தலைவர் பக்கத்துலயே உட்காரவைக்கணும். கொலைகாரன் கேட்டு வாங்கினாக்கூட இவ்வளவு வசதி கிடைக்காதே!”

“தலைவரைக் கொன்னவன் யாருன்னு ஊர் நினைக்கும், சொல்லு. மிர்சோஸ்காரன். திமெசியஸோட மகன். ராத்திரிக்குள்ள நம்ம கப்பல்கள் கிளம்பிடும். நாளைக்கு மிர்சோஸ்ல நம்ம பிள்ளைங்க... சமாதானம் வந்ததும் லிகிஸ்கோஸோட கொள்ளைக் கப்பல் எல்லாம் வேலையில்லாம கரையேறிடுச்சு. அவருக்குப் போர் வேணும். இவனுக்குப் பழி வேணும்.”

“ஓடிப்போய்ச் சொல்லிடலாம் அண்ணே!”

“என்னத்தைச் சொல்ல? செருப்பு வாரைத் தொட்டான்னா? ஒருவேளை என் கணக்குத் தப்பா இருந்தா? அவன் நிஜமாவே திமெசியஸ் மகனா இருந்தா? சபை நடுவுல அவன் மேல நான் கை வச்ச சேதி மிர்சோஸுக்குப் போனா, முதல்ல சாகறது என் பையன். பேசினாலும் சாவான், பேசலைன்னாலும் சாவான்.”

அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. என்னிடம் ஒரு ஜோக்கும் இல்லை.

கீழே குழல் ஒலித்தது. குழுவினர் முகமூடி மாட்டிக்கொண்டிருந்தார்கள். கரோபினோஸ் உட்கார்ந்துவிட்டான். கோல் முழங்கால்களுக்கு நடுவே. கொடியிலையை விரல்கள் மெல்லக் கிள்ளிக்கொண்டிருந்தன.

நிகாகோரஸ் நிமிர்ந்தார். “கையை வைக்காமலே எழுப்பறேன். நீ போய் அவன் பின்வரிசையில உட்காரு.”

அடுத்து அவர் செய்ததை எங்கள் ஊர் இன்னும் பேசுகிறது. பாதித் தாடியோடு நேரே ஆடுகளத்தின் நடுவில் போய் நின்றார்.

அரங்கம் சிரித்தது. “இது எந்த நாடகம்டா?” என்று மேலிருந்து ஒருவன் கத்தினான். ஒரு ஆலிவ் கொட்டை பறந்து வந்தது.

“சபைத் தலைவரே! பலி முடிஞ்சுது. சபைக்கு முதல் வழக்கு விருந்தாளியோடது. கல்லுல வெட்டியிருக்கு.”

எவாந்த்ரோஸ் எரிச்சலோடு, “என்ன வழக்கு? இப்பவா?” என்றார்.

“அவர் உடம்புல கை வச்சான் ஒருத்தன். எல்லாரும் சாட்சின்னு அவனே கத்தினான். நாடகத்துக்காகச் சட்டத்தைத் தள்ளி வைக்கணுமா?”

“நான் மன்னிச்சுட்டேன்,” என்றான் கரோபினோஸ் வேகமாக.

“உங்க பெருந்தன்மை ஐயா. ஆனா மீறினது ஊர் கொடுத்த வாக்கை. அதை மன்னிக்க உங்களால முடியாது, ஊராலதான் முடியும்.” நிகாகோரஸ் கூட்டத்தைப் பார்த்தார். “தொடக்கூடாதவரைத் தொட்டா என்ன தண்டனை?”

எங்கள் ஊருக்கு நாடகம் பிடிக்கும். தண்டனை அதைவிடப் பிடிக்கும். “பாறை! பாறை!” என்று படிக்கட்டு வரிசைகள் முழங்கின. கடலோரப் பாறையிலிருந்து தள்ளிவிடுவது.

லிகிஸ்கோஸை நான்கு பேர் இழுத்து வந்து களத்தில் தள்ளினார்கள். அவர் முகத்தில் சிவப்பு போய்ச் சாம்பல் வந்திருந்தது.

“எனக்குத் தெரியாம நடந்துபோச்சு...”

“தெரியாமலா? படகுல அஞ்சாறு பேர் இருந்தாங்க. நேரா இவர்கிட்டதான் போனீங்க.” நிகாகோரஸ் விருந்தாளிப் பக்கம் திரும்பினார். “ஐயா, சத்தியம் பண்ணி ஒரு வார்த்தை சொல்லுங்க. திமெசியஸோட மகன் உடம்புல இவர் கை வச்சாரா? ஆமான்னா இவர் பாறைக்குப் போறார். இல்லைன்னா வீட்டுக்குப் போறார்.”



லிகிஸ்கோஸ் முன்வரிசையைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை. கரோபினோஸ் அவரைப் பார்க்கவே இல்லை. அவன் கண்கள் எவாந்த்ரோஸின் கழுத்தில் இருந்தன.

“ஆமா,” என்றான். “கை வச்சான்.”

“அடப்பாவி!” லிகிஸ்கோஸ் அலறினார். “என்னையே தள்ளிவிடறியா? கேளுங்க எல்லாரும்! இவன் கரோபினோஸ் இல்ல! நம்ம ஊர்க்காரன், நாடு கடத்தப்பட்டவன், அந்திதோரஸ்! இவனை யார் வேணா தொடலாம்! நான் தப்பே பண்ணல!”

கொடியிலைகள் உதிர்ந்தன. கோலின் நுனியில் ஒரு சாண் இரும்பு. அந்திதோரஸ் எழுந்தான், எவாந்த்ரோஸின் பக்கம் திரும்பினான். பின்வரிசையிலிருந்து என் மொத்த எடையும் அவன் முதுகில் இறங்கியது. சேவலாக ஆடிய காலத்தில்கூட நான் அப்படிப் பறந்ததில்லை. எவாந்த்ரோஸின் தோளில் ஒரு கீறல். அவ்வளவுதான்.

முகமூடிகள் தொங்கும் மேடைப்பின்னறையில் அவனைக் கட்டிப்போட்டோம். வெளியே நாடகம் தொடங்கிவிட்டது. தலைவருக்கு உயிர் மிஞ்சினால் நாடகமும் மிஞ்ச வேண்டும் என்பது எங்கள் ஊர் நியாயம்.

“பிள்ளைங்க பிழைச்சாங்க அண்ணே,” என்றேன். “போர் இல்ல. தெய்சோன் வந்ததும் ஒரு கூடை அத்திப்பழம் என் செலவு.”

நிகாகோரஸ் கட்டுண்டு கிடந்தவன் முன்னால் மண்டியிட்டார்.

“திமெசியஸ் அந்த எலும்பைக் கழுத்தை விட்டுக் கழற்றமாட்டார். உனக்கு எப்படிக் கிடைச்சுது? திருடினியா?”

அந்திதோரஸ் உதட்டு ரத்தத்தை நக்கினான். சொல்லவேண்டாம் என்று நினைத்தது போலிருந்தது. பிறகு, ஏனோ, இரக்கத்தோடுதான் பார்த்தான்.

“கேக்காதே நிகாகோரஸ்.”

“சொல்லு. அவர் உயிரோட இருக்காரா?”

“இல்ல.”

“அவர் வீடு பூரா வேலையாள். நாய் இருக்கு. வாசல்ல காவல் இருக்கு. வெளியாள் நீ எப்படி உள்ள போன?”

“கதவைத் திறந்துவிட்டது உள்ள இருந்த ஒரு பிள்ளை. ‘எங்க அப்பா என்னைப் பிணையா வித்துட்டார், அந்தச் சமாதானம் நாசமாப் போகட்டும்’னான். கிழவர் முழிச்சுக்கிட்டப்போ, அவரோட ரெண்டு கையையும் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டது உன் தெய்சோன்தான்.”